பனியன் துணி விமானம்

கம்பெனியில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் முதலில் செய்கிற காரியம், தலையைக் குனிந்துகொண்டு வேலையில் மூழ்குவதுதான். ஓவர்லாக் மிஷின்களுக்கு அதுவரை இல்லாத வேகம் வந்துவிடும். செக்கிங் மேசையில் இருப்பவர்கள், பிசிறு வெட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு கவலையே இல்லாதவர்கள் போல ஆகிவிடுவார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, முதலாளி நிற்கிற இடத்துக்குத் தானாக நடந்து வருவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"தப்பு என்னுதுங்க" என்பார்.

அவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றால் அவர்தான். மண்ணரையில் இருந்த அந்தப் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் சாம்பிள் டெய்லராக இருந்தேன். வெளிநாட்டுப் பையர் கேட்கிற மாடலை முதலில் ஒன்றிரண்டு பீஸ் தைத்துக் காட்டுவது என் வேலை. அவர் வெட்டித் தருவார், நான் தைப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பது. ஒல்லியான ஆள். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அடிக்கடி சிரிக்கிறவர் இல்லை.

ஒரு முறை நானூறு பீஸுக்குக் கழுத்து அரை இஞ்ச் அகலமாக வெட்டுப்பட்டுவிட்டது. முதலாளி, துணி விரித்த ஆளின் காலரைப் பிடித்துவிட்டார். எங்கள் முதலாளிக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் திட்ட வராது. "கண்ணு தெரியிலீங்களா உங்களுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே அறைய ஓங்கினார். மாஸ்டர் நடுவில் வந்து நின்றார். "அவுரு விரிச்சது சரிதானுங்க. அளவு அட்டைய நாந்தான் தள்ளி வெச்சுப்போட்டேன்." ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி தன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று நாங்கள் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம். இறக்கி வைக்கவும் அதிக நாள் ஆகவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. மெட்ராஸில் இருந்து பையரின் ஆள் வந்து, சரக்கைப் பார்த்து, பாஸ் செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார். கார் கிளம்பிவிட்டது. மாஸ்டர் அந்தக் காருக்குப் பின்னால் ரோட்டு முக்கு வரை ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு பண்டலில் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் தான் நம்பரை மாற்றி ஒட்டிவிட்டதாகச் சொன்னார். எந்தப் பெட்டியில் போயிருக்கிறதோ அவருக்கே தெரியாது. லாரியில் ஏற்றின பெட்டிகளெல்லாம் இறங்கின. வெள்ளகோவிலுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய நான் இரண்டு நாள் உட்கார்ந்து பெட்டி பிரித்தேன்.

"ஏனுங்க மாஸ்டர், அந்த மனுசன் பாஸ் பண்ணிப்போட்டுப் போனதுக்கப்பறம் உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"போட்டுப் பாக்கறவனுக்குச் சேராதில்லீங்க, அம்மிணி" என்றார்.

ஜெர்மனியில் எவனோ ஒருவனுக்குத் தோள்பட்டை இறுக்கும் என்பதற்காக இங்கே அறுபது பேருக்குத் தீபாவளி போனது. நல்லவராக இருக்கலாம், அதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? அவர் கேட்டால்தானே.

வெளியில் இப்படி என்றால் வீட்டில் இதைவிட மோசம். அவர் தங்கைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தது. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முதல் நாள் இவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது, பதினைந்து வருடமாக வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மறுநாள் வரவில்லை. அதன் பிறகு யாருமே வரவில்லை. அந்தத் தங்கை அவர் வீட்டில்தான் இருந்தது. ஒரு தடவை நான் போயிருந்தபோது பார்த்தேன். அண்ணனுக்குச் சோறு போட்டுத் தட்டை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்து நின்றது. மாஸ்டர் குனிந்து சாப்பிட்டார். குழம்பு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கத்திரியால் வெட்டிய காலத்தில் இருந்தே அந்தத் தொழிலில் இருந்தவர். மிஷின் வந்த பிறகும் கோடு பிசகாது. நூறு துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி 'லே' விரித்து, மேலே கோடு போட்டு, நெட்டுக்குத்தாக நிற்கிற கத்தி மிஷினைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "சோத்தாங்கை மிஷினத் தள்ளுறதோட சரிங்க. வெட்டறது பீச்சாங்கைதான்" என்பார். உண்மைதான். கத்திக்கு முன்னால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே போவது இடது கை. அது தளர்ந்தால் மேல் துணி ஒரு பக்கம் போகும், அடித் துணி ஒரு பக்கம் போகும், கத்தி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஒரு சித்திரை மாத மத்தியானம், ஷிப்மெண்ட் அவசரத்தில், அந்த இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தி எடுத்துக்கொண்டது. நான் அப்போது பக்கத்து அறையில் இருந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது கையை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு நின்றார். "அம்மிணி, இந்த லே பூராவும் கறையாப் போச்சுங்க" என்றார். அதற்கும் வருத்தப்பட ஒரு மனம் வேண்டும்.

வெட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ள இரும்பு வலையால் செய்த கையுறை ஒன்று கம்பெனியில் இருந்தது. ஒன்றே ஒன்று. ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் எடுத்து மேசையில் வைப்பார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தபோது, "உங்களுக்கு கிளவுஸ் குடுத்தாங்களா?" என்று கேட்டார். எங்களில் யாராக இருந்தாலும் இல்லை என்று ஒரே போடாகப் போட்டிருப்போம். மாஸ்டர் யோசித்தார். "இருக்குதுங்க. நாந்தான் அன்னைக்குச் சாவி கேக்கல" என்றார். முதலாளி மூச்சு விட்டார். அதோடு விசாரணை முடிந்தது. மாஸ்டருக்கு கேட் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

எட்டு மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிற வேன், போகிற வேன் நம்பரை எழுதுவது வேலை. உள்ளே கட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் எழுத்து நின்றுவிடும். நிறுத்தும் வரை தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "புதுசா வந்தவரு வளைவுல வேகமா எடுக்கறாருங்க. சத்தத்துலயே தெரியுது" என்றார். கட்டிங் மேசையை நினைத்து அந்த மனிதர் உருகிப் போய்க்கொண்டிருந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்த விமானம் வந்தது.

ஒரு பையர் சின்னப் பையன்களுக்கான டீ-சர்ட் கேட்டிருந்தார். நெஞ்சில் பழைய காலத்து விமானம் ஒன்று பிரிண்ட் போட வேண்டும். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் குச்சிகள், முன்னால் விசிறி, சைக்கிள் சக்கரம் போல இரண்டு சக்கரம். படத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் அனுப்பியிருந்தார். ஒன்றரை மாதத்தில் அவரே நேரில் வருகிறார். ஷோரூம் கண்ணாடிப் பெட்டியில் அதே விமானத்தைப் பொம்மையாகச் செய்து வைத்தால் பையர் மயங்கிவிடுவார் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் பிளாஸ்டிக் ஜெட்தான் கிடைத்தது. இதை அவர் என் சாம்பிள் அறையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மாஸ்டர் நின்றார்.

"நான் செஞ்சு தாறனுங்க."

முதலாளி அவர் கையைப் பார்த்தார். "எப்பிடீங்க மாஸ்டர்?"

"செஞ்சுட்டா மறுக்காவும் மேசைல உடுவீங்களா?"

முதலாளி சிரித்தார். "அந்தக் கைல நீங்களே பிளேன் செஞ்சுட்டா, மேசை என்னங்க, கம்பெனியே உங்களுதுதான்."

"மேசை போதுமுங்க" என்றார் மாஸ்டர்.

முதலாளி விளையாட்டாகச் சொன்னது அவருக்கு வாக்காகிவிட்டது. மறுநாளில் இருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபன் கேரியரைத் திறக்கவே மாட்டார். மூங்கிலைச் சீவிச் சட்டம் செய்தார். தென்னை ஈர்க்கை வளைத்து இறக்கைக்கு எலும்பு கட்டினார். நூல் சுற்றி வருகிற காகிதக் கோன்தான் மூக்கு. கம்பிகளுக்குப் பதில் மெழுகு தேய்த்த தையல் நூல். மர ஸ்கேலைச் செதுக்கி விசிறி செய்தார். கால்களுக்கு, நிட்டிங் மிஷினில் உடைந்துபோன ஊசிகள். சாமானைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டும், பல்லால் கடித்துக்கொண்டும் வலது கையால் வேலை செய்வார். நான் பிடிக்கட்டுமா என்று கேட்டால், "வேண்டாமுங்க, அப்பறம் என் கை செஞ்சதா ஆகாது" என்பார்.

புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆபீஸ் பையன் ஒருவன் வந்தான். அந்தக் காலத்து விமானத்துக்கு இறக்கையே துணிதானாம், சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து அதன் மேல் வண்ணம் பூசுவார்களாம் என்றான். மாஸ்டர் கண் இரண்டும் காணாமல் போயின. சூலூர்ப் பக்கம் போகிற விமானங்கள் தலைக்கு மேல் சத்தம் போடும்போது நாங்கள் அண்ணாந்து பார்ப்போம். "அதெல்லாந் தகரமுங்க. இது துணி. துணின்னா நமக்குத் தெரியுமில்லீங்க, அம்மிணி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வண்ணம் பூசுவதிலும் அவர் கெடுபிடிதான். உடம்புக்குச் சிவப்பு, இறக்கைக்குக் கடுகு மஞ்சள். பையர் அனுப்பிய துணித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஈர்க்குச்சி நுனியில் பெயிண்டைத் தொட்டு அதன் பக்கத்தில் காட்டிப் பார்ப்பார். ஒத்து வரவில்லை என்றால் ஒரு சொட்டு கறுப்பு, மறுபடி ஒரு சொட்டு வெள்ளை. சிவப்பு சேருவதற்கே ஒரு வாரம் ஆனது. ஒரு பூச்சு காய்ந்த பிறகு மெதுவாகத் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. ஓட்டுகிறவன் உட்காருகிற குழிக்குள்ளே, யாரும் குனிந்து பார்க்கப் போகாத இடத்தில், பழுப்பு நிறத்தில் ஓர் இருக்கை வரைந்தார்.

எல்லாம் சரியாக வந்து மேல் இறக்கையில் மாட்டிக்கொண்டது.

இறக்கைக்குப் போட எங்கள் கம்பெனித் துணியையே எடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்தது பனியன் துணி. அந்தத் துணிக்கு ஒரு குணம் உண்டு. நனைந்து காய்ந்தால் ஒரே பக்கமாக முறுக்கும். துவைத்த பனியனில் பக்கத்துத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் இறக்கையின் மேலும் கீழும் துணி போட்டு, ஓரம் தைத்து, மைதாப் பசை தடவினார். காய்ந்ததும் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே. பிழிந்த துண்டு மாதிரி திருகிக்கொண்டது. கீழ் இறக்கை சின்னது, எலும்பு நெருக்கம், அது எப்படியோ தப்பித்துவிட்டது. மேல் இறக்கையைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் திருகியது. துணியை இன்னும் இறுக்கி இழுத்துத் தைத்தால் நிற்கும் என்று மூன்றாவது முறை உட்கார்ந்தார். இழுத்துப் பிடிக்கிற வேலை இடது கைக்கு. இருந்த இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் பிடி கிடைக்கவில்லை. துணி நழுவி நழுவி வந்தது. கடைசியில் ஈர்க்கு ஒடிந்தது.

பையர் வர நான்கு நாள் இருந்தது. அது சனிக்கிழமை. மாஸ்டர் இறக்கையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழம மொதலாளிகிட்டச் சொல்லிப்போடறனுங்க, அம்மிணி. கை நிக்கமாட்டீங்குதுன்னு."

"அவசரப்படாதீங்க மாஸ்டர்."

"இதுக்கே நிக்காத கை அங்க எப்பிடீங்க நிக்கும்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த இறக்கை கேட்டதும் மேசை கேட்டதும் ஒரே பிடியைத்தான். அவருக்கு அது புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆனால் கேட்டைத் தாண்டிப் போகும்போது அவர் ஸ்டூலைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பிள் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிச் சாவி வாங்கி அறையைத் திறந்தேன். அந்தத் திருகலுக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் ஒரு டீ-சர்ட்டின் முதுகுத் துணியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். துவைத்த பிறகு அந்த ஒரு சட்டைதான் திருகாமல் நேராக நின்றது. மாஸ்டர் இறக்கைக்கு மேலேயும் கீழேயும் நல்ல பக்கத்தை வெளியே வைத்திருந்தார். தொழில் தெரிந்த எவனும் அப்படித்தான் வைப்பான். உள்பக்கத்தை வெளியே காட்டுவது எங்களுக்கு அசிங்கம். மேல் துணி ஒரு பக்கம் முறுக்க, கீழ்த் துணி எதிர்ப்பக்கம் முறுக்க, நடுவில் சட்டம் திருகியது. நான் ஒடிந்த ஈர்க்கை மாற்றினேன். கீழ்த் துணியை மட்டும் புரட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுத் தைத்தேன். பசை தடவி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் பலகை போல் நேராகக் காய்ந்தது. டப்பாவில் மிச்சம் இருந்த மஞ்சளைப் பூசினேன். வீட்டுக்கு வரும்போது கறிக்கடை மூடிவிட்டது, அன்று ரசத்தோடு முடிந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு மாஸ்டர் வந்தார். நான் மிஷினில் குனிந்திருந்தேன். இறக்கையைக் கையில் எடுத்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்து முனையைப் பார்த்தார். புரட்டினார். பனியன் துணியின் நல்ல பக்கத்தில் கண்ணிகள் சடை பின்னியது போல நெடுக்காக ஓடும். உள்பக்கத்தில் குறுக்காகச் சின்னச் சின்ன வளைவாக இருக்கும். ஒரு பூச்சு பெயிண்ட் அதை மறைக்காது. அவர் புரட்டியதைப் பார்த்ததும் என் மிஷின் நின்றுவிட்டது.

இறக்கையைக் கீழே வைத்தார். பிரஷ்ஷை எடுத்து இன்னொரு பூச்சு அடித்தார். அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. ஒடிந்த ஈர்க்கை மட்டும்தான் நான் மாற்றினேன், துணி வெயிலில் தானாக நிமிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்திருந்தால் அவர் வாய் சும்மா இருக்குமா?

பையர் வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி விசிறியை விரலால் சுழற்றினார். முதலாளி பெருமையாக மாஸ்டரைக் கூப்பிட்டு அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். பையர் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். வாக்கு என்றால் வாக்கு, அதில் முதலாளியைக் குறை சொல்ல முடியாது. அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் மேசைக்குப் போனார். புதிதாக வந்திருந்தவரை நெருப்பெரிச்சலில் இருந்த இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அன்று எல்லோருக்கும் டீயும் மிக்சரும் வந்தன. எங்களுக்கெல்லாம் தீபாவளி திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

அவர் வெட்டுவதைப் பார்க்க ஒரு நாள் போய் நின்றேன். போயிருக்கக் கூடாது. துணியை மணிக்கட்டால் அழுத்திக்கொண்டிருந்தார். வளைவு வந்ததும் முழங்கையைப் போட்டு அமுக்கினார். கோடு தப்பவில்லை, ஆனால் நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். நான் எதையோ எடுக்க வந்தவள் போல ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஆனது. தடித்த குளிர்காலத் துணியில் ஒரு சாம்பிள், பன்னிரண்டு துணி விரித்திருந்தார். துணை ஆள் வரவில்லை. "அம்மிணி, சித்த இந்த மொனையப் புடிங்க" என்றார். நான் எதிர்ப்பக்கம் நின்று இரண்டு கைகளாலும் அழுத்தினேன். மிஷின் வளைவில் திரும்பியது. அவர் மணிக்கட்டுக்கு அடியில் துணி நகர்ந்தது. நகர்வதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இருவருமே பார்த்துக்கொண்டிருக்க, கத்தி கோட்டை விட்டு வெளியே வந்தது. என் இடது கட்டைவிரல் முதல் கணுவோடு போனது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். மாஸ்டர் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு, அம்மிணி?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். திறந்தால் எது எது வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். கை, இறக்கை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் வரும். இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு இருந்தன. நான் முந்திக்கொண்டேன்.

"தடிச்ச துணிங்க, வழுக்கிருச்சு. நாந்தான் இறுக்கிப் புடிக்கல."

"பாத்து இருக்கோணுமில்லீங்க" என்றார் முதலாளி. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் அப்படி மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி போன பிறகுதான் மாஸ்டர் பேசினார். "எறக்கைக்கு அடில உள்பக்கந் தெரிஞ்சுதுங்க. அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்தீங்களா? அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"மேசை வேணும்னு இருந்துச்சுங்க."

அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதே நேரம் கோபப்பட எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. ஆசைப்பட்டது அவர், கள்ளத்தனமாக அதை வாங்கிக் கொடுத்தது நான். "போச்சாது போங்க, உடுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

தைக்க முடியாது என்பதால் என்னைச் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் மேசையிலேயே இருந்தார். மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். ஒரு தப்பு நடந்தபோது நாங்கள் குனிந்தோம். நிமிர்ந்து பார்த்தால் அவரும் குனிந்திருந்தார். "மாஸ்டரு இப்பத்தான் பொழைக்கக் கத்துக்கிட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். அவர் தங்கைகூட அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் முந்நூறு பீஸுக்குச் சட்டைக் கை குட்டையாகப் போய்விட்டது. முதலாளி வந்து நின்றார். மாஸ்டர் தானாக நடந்து வரவில்லை, கூப்பிட்ட பிறகு வந்தார். "துணி விரிக்கறவங்க இழுத்து விரிச்சுட்டாங்க. வெட்டுனதுக்கப்பறஞ் சுருங்கிருச்சுங்க" என்றார்.

விரித்தது மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த பெண். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நான் இழுக்கலைய்யா, சத்தியமா இழுக்கலை" என்று அழுதது.

குட்டையான கைகள் எல்லாம் என் மேசையில்தான் குவிந்திருந்தன. இழுத்து விரித்த துணி என்றால் எல்லாப் பீஸும் ஒரே அளவு குறையும். இதில் மேல் பீஸ் சரியாக இருந்தது, கீழே போகப் போகச் சரிந்திருந்தது. கத்தி சாய்ந்து போயிருக்கிறது. பிடி இல்லாத கை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, பீஸெல்லாம் நீங்கதான் பாத்தீங்க. மாஸ்டர் சொல்றாப்பலதானுங்களா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லுவார், சொல்லிவிடுவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றேன்.